பேலர் என்றால் வெளுப்பு

ஏரியூரிலிருந்து பஸ் ஏறித் தருமபுரிக்குக் கல்லூரி போய்வந்த மலர்விழிக்கு ஆங்கிலப் பாடம் எமனாக வந்து வாய்த்தது. அந்தப் பருவத்துக்கு வைத்திருந்தது பழைய காலத்துப் பேய்க்கதை ஒன்று. இடிந்த மாளிகை, அதற்குள் செத்தும் சாகாமலும் நடமாடும் ஒரு பெண். கதைக்கு அவள் பயப்படவில்லை. வரிக்கு வரி பல்லை உடைக்கும் சொற்களுக்குத்தான் பயந்தாள்.

பொழுது சாயும்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்து உருப்போடுவாள். அண்ணன் இளம்பரிதியின் மனைவி கலைமதி, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே செல்போனைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள். பத்தாவது வரை படித்தவள். வயிற்றில் ஏழு மாதம்.

"பேலர்" என்று படித்தாள் கலைமதி.

"மொகத்துல ரத்தமே இல்லாத வெளுப்பு அண்ணி. செத்தவங்களுக்கு இருக்குமே, அது."

கலைமதி கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு இருக்கறது அதுதானா மலரு?"

மலர்விழி அன்றுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். உதடு சாம்பல் பூத்திருந்தது. நகங்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது என்றாள் கலைமதி. நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையைத் தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று மாமியார் குள்ளம்மாள் குப்பையில் போட்டுவிட்டதையும் சொன்னாள்.

மலர்விழி தாயிடம் போய்க் கேட்டாள். உங்கள் இரண்டு பேரையும் காட்டில் களை வெட்டிக்கொண்டேதான் பெற்றேன் என்றாள் குள்ளம்மாள். லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு அலுப்போடு வந்த அண்ணன், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று படுத்துவிட்டான்.

மறுநாள் கல்லூரியில் அந்தச் சொற்களுக்குத்தான் பரீட்சை. மலர்விழி போகவில்லை. அண்ணியைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். குள்ளம்மாள் வழிமறித்தாள்.

"அவளுக்கு ஏதாச்சும் ஆனா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றம்மா. வழிய விடு."

பென்னாகரம் வருவதற்குள் கலைமதி அவள் தோளில் மயங்கிச் சரிந்தாள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் தருமபுரிக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் வீட்டில் ஒருவருக்கும் கண் இல்லையா என்று திட்டினார். ரத்தம் ஏற்றித் தாயை மீட்டார்கள். குழந்தையின் துடிப்பு முன்பே நின்றுபோயிருந்தது. பெண் குழந்தை.

தகவல் தெரிந்து ஓடிவந்த இளம்பரிதி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பின்னாலேயே வந்த குள்ளம்மாள், குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள்.

"நல்ல நெறமாத்தான் இருந்திருக்குது" என்று முணுமுணுத்தாள்.

கட்டிலில் கிடந்த கலைமதியின் காதில் அது விழுந்தது. அவள் அழவில்லை. மலர்விழியை அருகில் கூப்பிட்டு, "நான் இனி அந்த வூட்டுக்கு வரல. எங்கம்மா வூட்ல கொண்டுபோய் விட்டுடு" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்றே மலர்விழி அவளை இண்டூரில் கொண்டுபோய் விட்டாள். குள்ளம்மாள் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணன் பலமுறை இண்டூருக்குப் போய்க் கூப்பிட்டான். கலைமதி கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், வருகிறேன் என்று மட்டும் சொல்லமாட்டாள். வெறும் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு அவன் திரும்பி வருவான்.