அறிவுமதி ஓட்டிய விமானம்

அறிவுமதி ஓட்டிவந்த சின்ன விமானம் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் மோதி நொறுங்கியபோது, அவள் அம்மா திரௌபதி திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் இருந்த தன் டிபன் கடையில் பௌர்ணமிக் கூட்டத்துக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சென்னைத் தொழிலதிபர் ஒருவரின் சொந்த விமானம் அது. சேலத்திலிருந்த அவரை அழைத்துவர அறிவுமதி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

காரியம் முடிவதற்குள்ளேயே பேச்சு கிளம்பிவிட்டது. சொந்த ஊர் வந்ததும் வேடிக்கை காட்டத் தாழப் பறந்தாளாம், அதனால்தான் போய்ச் சேர்ந்தாளாம். விமானம் வந்த வழியில், ஏரிக்கு வெகுதூரம் முன்னால் கடலைக்கொல்லை வைத்திருந்த முருகையன், "ஏரோப்ளேன் ஆட்டங்காட்டிக்கினே கீழ வந்துச்சு" என்று தொலைக்காட்சியில் சொன்னதுதான் ஆரம்பம். விமான முதலாளியின் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கடைக்குச் சாப்பிட வந்தவர்கள்கூட திரௌபதியின் காதுபடவே பேசினார்கள். அவள் கல்லைத் துடைத்தாள், அடுத்த தோசையை ஊற்றினாள். ராத்திரியில் உப்புக்கண்டமாக உள்ளே காய்ந்துகொண்டிருந்தாள்.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி அன்பரசன் ஒருநாள் அவளைத் தேடிக் கடைக்கே வந்தார். அறிவுமதி நன்றாகத் தூங்குவாளா, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று விசாரித்துவிட்டு, எழுந்து போகாமல் தயங்கினார். பிறகு மனசில் இருந்ததைச் சொன்னார்.

"முன்னாடி சுத்துற இறக்கையில ஒரு நுனி உடைஞ்சிருக்கும்மா. கரையில மோதி உடைஞ்சிருந்தா துண்டு அங்கயே கிடக்கணும். சல்லடை போட்டுத் தேடிட்டோம், இல்ல. மேலயே உடைஞ்சிருந்தா எங்கயோ பின்னால விழுந்திருக்கும். அது கிடைக்காம உங்க பொண்ணு மேல தப்பில்லன்னு என்னால எழுத முடியாது."

விமானம் வந்த வழியெல்லாம் ட்ரோன் விட்டுப் பார்த்தாகிவிட்டதாம். பயிர் மூடிய நிலத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் திரௌபதி கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். நேரே முருகையன் கொல்லைக்குப் போய் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்; மண்வெட்டியைப் பிடித்தபடி தலையைத் தூக்காமல் இருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்க வந்தேன். அது ஆடுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா?"

முருகையன் யோசித்தார். "படார்னு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. கோயில் வேட்டுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அண்ணாந்து பாத்தேன். அதுக்குள்ள ஆட ஆரம்பிச்சுட்டுது."

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. முதலில் சத்தம், பிறகுதான் ஆட்டம். தொலைக்காட்சியில் அவர் சத்தத்தைச் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

திரௌபதி அங்கிருந்தே அன்பரசனுக்குப் போன் போட்டாள். அவர் வந்து முருகையனை நின்ற இடத்திலேயே நிறுத்தி, எந்தப் பக்கம் பார்த்தார் என்று கேட்டு, தேடவேண்டிய நிலத்தைக் காட்டினார். பாதிக்கு மேல் முருகையனின் கொல்லைதான். கடலை இன்னும் முற்றவில்லை. அரசாங்கத்திடம் சொல்லி நஷ்டஈட்டுக்கு ஏற்பாடு செய்யலாம் என்று அன்பரசன் இழுத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். நாளைக்கே புடுங்கிடறேன்" என்றார் முருகையன்.

விடிந்ததும் ஊர்ப் பெண்கள் வரிசை கட்டி இறங்கினார்கள். கூலிக்கு வந்தவர்கள் சிலர், சேதி கேட்டுச் சும்மா வந்தவர்கள் பலர். திரௌபதியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். செடியைப் பிடுங்கினார்கள், மண்ணை உதறினார்கள், குனிந்து பார்த்தார்கள். உச்சி வெயில் சாய்ந்த பிறகு, வரப்போரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்த தங்கம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்க வா" என்றாள்.

மண்ணில் செருகிக் கிடந்தது, உள்ளங்கை நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு. யாரும் தொடக்கூடாது என்று அன்பரசன் சொல்லியிருந்தார். அவர் ஓடி வரும்வரை பெண்கள் அதைச் சுற்றி வேலி போல நின்றார்கள்.

அவர் மண்டியிட்டு, உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் கறுத்திருந்தது, மீதி பளபளத்தது. கறுத்த இடம் பழைய விரிசல், ரொம்ப நாளாக உள்ளுக்குள் வளர்ந்து வந்தது என்று விளக்கினார். முன்பு விமானத்தைப் பரிசோதனை செய்தவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"உங்க பொண்ணு எதையும் தப்பா செய்யலம்மா" என்றார்.

மகள் செத்த அன்றுகூட நாலு பேர் பார்க்க அழாதவள் அன்றைக்கு அந்தக் கொல்லையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மற்ற பெண்களும் அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள்.

அறிக்கை வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நேரே போயிருந்தால் விமானம் கிரிவலப் பஸ்கள் நெரிந்த சாலையில் விழுந்திருக்கும். முன்னால் சுற்றும் இறக்கையின் நுனி உடைந்து குலுங்கிய விமானத்தின் என்ஜினை அறிவுமதி அணைத்து, வற்றிய ஏரிப் பக்கம் திருப்பியிருக்கிறாள். கரை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். முருகையன் தானாகவே தொலைக்காட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு ரோட்டுல போன அத்தனை சனத்தையும் காப்பாத்திச்சு, நான்தான் தப்பா பேசிட்டேன்" என்று சொன்னார்.

அதே மாதிரி சுற்றும் இறக்கை பூட்டிய விமானங்களை எல்லாம் நிறுத்திச் சோதிக்க உத்தரவு போனது. சில வாரம் கழித்துக் கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். பெயர் ஓவியா, அவளும் விமானி. அவள் தினமும் ஓட்டிய விமானத்தின் இறக்கையிலும் அதே இடத்தில் விரிசல் இருந்ததாம்.

"அறிவுமதி அக்காவாலதான் நான் இன்னைக்கு உயிரோட உக்காந்திருக்கேம்மா" என்றாள்.

திரௌபதி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இலையை விரித்து, நெய் மணக்க ஒரு தோசையைப் போட்டாள். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, "நல்லா சாப்புடு. எம்பொண்ணு காப்பாத்துன உசுரு இது" என்றாள்.