எண்பத்தொன்பதாவது படி

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளை வாங்கிக்கொள்ளும் அலுவலகத்துக்கு, அன்றைக்கு ஒரு டாலருக்கு எத்தனை ரூபாயோ அத்தனை படிகள். ரூபாய் இறங்கினால் அலுவலகத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கொத்தனார் மரியசூசை மேலே ஒரு படி கட்டுவார். ரூபாய் ஏறினால் ஒரு படியை இடிக்க வேண்டும் என்றும் விதி உண்டு. இடிப்பதற்கான கடப்பாரை டெண்டரில் இருக்கிறது.

தில்லைக்கரசியின் ஆய்வே இந்தப் படிகளின் வரலாறுதான். ஏழு வருஷம், அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. கடைசிப் பக்கத்தில் அன்றைய படிக்கணக்கு சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிவிடுவார்கள். காலையில் எண்பத்தாறு என்று எழுதிக்கொண்டு ஏறினாள். மேலே போனால் எண்பத்தேழு. இறங்கி, ஜெராக்ஸ் கடையில் புதுத் தாளை ஒட்டிக்கொண்டு ஏறினாள். எண்பத்தெட்டு. மறுபடி இறங்கினாள்.

மூன்றாம் முறை ஏறும்போது மணி நாலே கால். பைண்டு செய்த ஐந்து பிரதிகளும் இடுப்பில்.

முதல் நாலே முக்கால் படி பளிங்கு. அந்தக் காலத்தில் பேச்சை நிறுத்தாமலே ஏறிவிடுவார்களாம். அறுபத்தாறு ஜூனில் ஒரே நாளில் ஏழரை ஆனது. ஏழரைதானே, ஏழரை வருஷத்தில் விட்டுவிடும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும் உண்டு. தொண்ணூற்றொன்று ஜூலையில் மூன்றே நாளில் ஐந்து படி. அதற்கு மேலே கல்லின் மேல் வெறும் சிமெண்டுப் பூச்சு. தேர்தல் வருஷத்துப் படிகளுக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

எண்பத்தெட்டாவது படியோடு வழி முடிந்தது. அலுவலகம் இன்னும் ஒரு படி உயரத்துக்குப் போயிருந்தது. நடுவே வெற்றிடம். மரியசூசை சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, கட்டலையா?"

"கல்லு வெளிநாட்டுச் சரக்கு பாப்பா. டாலர்ல வாங்கணும். விலை ஏறிப்போச்சு."

"ஏன் ஏறிச்சு?"

"படி ஏறினதாலதான்."

மேலிருந்து கண்காணிப்பாளர் பஞ்சநதம் எட்டிப் பார்த்தார்.

"சார், காலையிலேர்ந்து மூணு படி கூடியிருக்கு!"

"படி கூடலைம்மா, ஆபீஸ் உயர்ந்திருக்கு. படிச்ச பொண்ணு, நல்லதை நல்லதாப் பாரேன்."

"அப்போ என் முழங்கால் வலி?"

"அதை அடிக்குறிப்புல போடு."

"போட்டிருக்கேன் சார், நாற்பது பக்கம். இந்தாங்க, கொஞ்சம் குனிஞ்சு வாங்கிக்குங்க."

"நான் குனிஞ்சா ஆபீஸ் இறங்கி வந்ததா அர்த்தம் ஆயிடும். மார்க்கெட் பயந்துடும்."

மணி நாலு ஐம்பது. மரியசூசை அவள் இடுப்பிலிருந்த கட்டைப் பார்த்தார். டேப்பை எடுத்து அளந்தார்.

"அகலம் சரியா இருக்கு. உயரமும்."

"ஏழு வருஷம்ணே."

"அதான் நல்ல கனம்."

அவள் கொடுத்தாள். அவர் சிமெண்டு குழைத்து ஐந்து பிரதிகளையும் பதித்து, கரணையால் ஓரம் தடவினார்.

"கடைசிப் பக்கத்துல எண்பத்தெட்டுன்னு இருக்கு. இப்ப எண்பத்தொன்பது ஆச்சே," என்றார் பஞ்சநதம்.

"ஆய்வு தனக்குக் கீழே இருக்கிறதைத்தான் சார் எண்ணணும். தன்னையும் சேர்த்து எண்ணிக்கிறதுக்குப் பேரு அறிக்கை," என்றாள்.

பஞ்சநதம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அப்படித்தான் இருந்தது. குனியாமலே, கம்பில் கட்டிய முத்திரையை ஈரச் சிமெண்டிலேயே குத்தினார்.

தில்லைக்கரசி குனிந்து ஆய்வேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதை மிதித்து ஏறிப்போய் ரசீது வாங்கினாள். மணி நாலு ஐம்பத்தெட்டு.

"வைவா எப்ப சார்?"

"தேர்வாளருங்க படிக்கணும்ல? ரூபாய் ஏறி, இந்தப் படியை இடிச்சதும் வைவா."

"கடப்பாரை?"

"ஆர்டர் போட்டாச்சு. அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான்."

ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கத் திரும்பினாள். எதிரே தாவரவியல் துறைப் பெண் ஒருத்தி ஒல்லியான ஆய்வேட்டோடு மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள். மரியசூசை டேப்பை நீட்டிப் பார்த்தார்.

"மெலிசா இருக்கே தங்கச்சி. பரவாயில்லை, பைசாவுக்கு வெச்சுக்கலாம்."