சுவர்ப் பக்கம் திரும்பிய படம்

அரூரில் பழைய கடலைக்காய் குடோன் ஒன்றை ஓவியர் சங்கத்தார் பேருக்கு ஒரு வாடகையில் பிடித்திருந்தார்கள். பகலெல்லாம் கடைப் பலகை எழுதுகிறவர்கள், பொழுது சாய்ந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து தங்களுக்குப் பிடித்ததை வரைவார்கள். முன்கூடத்தில் மாட்டி ஊருக்குக் காட்டுவார்கள். படம் பார்க்க வருகிறவர்களைவிட டீ குடிக்க வருகிறவர்கள்தான் அதிகம் என்று, அவர்களில் ஒருவனான என் அண்ணன் யாகப்பனைக் கேலி செய்வேன். "உனக்கென்ன தெரியும் ராஜமேரி" என்று சிரிப்பான்.

அங்கே படம் வரைகிற துணிக்கு எப்போதும் பஞ்சம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த படம் வேண்டாத படம். யார் வேண்டுமானாலும் அதன்மேல் வெள்ளை அடித்துப் புதிதாக வரையலாம்.

அண்ணனின் ஒரே மகள் லூர்து நாலு வயதில் காய்ச்சலில் போனாள். போட்டோ எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் எடுக்கவே விடவில்லை. பாழாய்ப்போன பேச்சு. அண்ணன் ஞாபகத்திலிருந்தே அவள் முகத்தைச் சங்கத்தில் வரைந்தான். அண்ணி புஷ்பமேரி ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "அப்படியே பாப்பாதான்" என்று அழுதாள். கவுனை மட்டும் முடித்துவிட்டுக் கொண்டுவருகிறேன் என்றான் அண்ணன்.

எழுபத்தொன்றாம் வருஷம், சுவர் விளம்பரம் எழுதும்போது சாரம் சரிந்து அண்ணன் செத்துப்போனான். அன்றிலிருந்து அண்ணி கேட்டது ஒன்றுதான். "அந்தப் படத்த வூட்டுக்குக் கொண்டாந்துடலாம் ராஜமேரி."

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் போனோம். அண்ணனின் கூட்டாளி தீர்த்தகிரி வாசலிலேயே காத்திருந்தார். "வாங்க அண்ணி, உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கறோம்" என்று முன்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே படத்தில் என் அண்ணன். காதில் பிரஷ் செருகிக்கொண்டு, அச்சு அசலாக.

அண்ணி கைகூப்பினாள். பிறகு, "பாப்பா படம் எங்கீங்க?" என்றாள்.

"அண்ணன் மூலையில ஒரு கொழந்த படம் செவுத்தப் பாத்து இருந்துச்சுங்க. யாரோ வரையச் சொல்லிட்டு வாங்காம போனதுன்னு நெனச்சேன். அவரு துணியிலயே அவர வரைஞ்சா நல்லாருக்கும்னு..." என்றார் தீர்த்தகிரி. லூர்துவை அவர் பார்த்ததே இல்லை.

"வேல செய்யறப்ப மக மொகத்தப் பாத்தா கை ஓடாதுன்னு திருப்பி வெப்பான் எங்கண்ணன்! வூட்ல ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருப்பீங்க?" என்று கத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். குரங்காகியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்பேன். படத்தில் இருப்பது என் அண்ணன் அல்லவா.

தீர்த்தகிரி ஓடிப்போய்க் கத்தி எடுத்துவந்தார். "அடியில இருக்கும் அண்ணி, சொரண்டிப் பாத்தர்றேன்."

அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. இவர அழிச்சுட்டு அவளத் தேடறதா?"

படத்துக்குக் கிட்டே போனாள். "பாப்பா மொகம் எந்த எடத்துல இருந்துச்சுங்க?"

அவர் அண்ணனின் சட்டைப் பையைக் காட்டினார். அண்ணி அங்கே உள்ளங்கையை வைத்தாள்.

"பெயின்ட் இன்னும் காயலீங்க அண்ணி" என்றார் தீர்த்தகிரி.

அவள் கையை எடுக்கவில்லை.