கழுத்தைப் பிடித்தவர்

"இறுக்கிப் புடிங்க கங்காணி! விட்டீங்கன்னா கையக் கொதறிப்புடும்!"

கருப்பையா கத்தினான். வலது கையில் குறடு. இடது கையில் பிரின்ஸின் முன்னங்கால். துரை பங்களாவின் பின்பக்கம், ஈரச் சிமெண்டுத் தரையில், ஆள் கனம் இருந்த அந்த அல்சேஷன் நாய் புரண்டு திமிறியது. கங்காணி ராமையா தன் தோள் துண்டால் அதன் வாயைக் கட்டி, கழுத்தைக் கக்கத்தில் அமுக்கிப் பிடித்திருந்தார்.

பிரின்ஸுக்கு நகம் வெட்டுவது ஆகாது. குறட்டைக் கண்டாலே உறுமும். முதல் நகம் தெறிப்பதற்குள் ஆளைக் கடிக்கப் பார்க்கும்.

"என்னய்யா கை நடுங்குது?" ராமையா சிரித்தார். "அஞ்சு வருசமா துரை நாய்க்கு நகம் வெட்டுறே. இன்னைக்கு என்ன, கல்யாணப் பொண்ணாட்டம் கூச்சப்படுறே?"

"குளிருங்க கங்காணி."

பிரிஞ்சாங் மலைத் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலைக் குளிர் புதிதில்லை. நடுங்கியது அதனால் அல்ல.

நேற்று மாலை, அடைமழையில், கடைசித் தேயிலை வரிசைக்கு மேலே காட்டோரம் பட்டாளத்தார் ஒரு மூட்டையைக் கண்டெடுத்தார்கள். உள்ளே ரேஷன் அரிசி. வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு யாரோ கொண்டுபோய் வைத்தது. 1951-ல் அதற்குத் தண்டனை தூக்கு. தூக்குக்குத் தப்பினாலும் ஊருக்கே கப்பலேற்றி விடுவார்கள். வழிகாட்டிப் போன ராமையாதான் மூட்டையைப் பங்களாவுக்குத் தூக்கி வந்தார்.

மூட்டை கட்டியிருந்தது ஒரு பெண்ணின் தலைத்துணியில். அது கருப்பையாவின் மகள் ஜெயாவின் துணி. அவள் புருஷன் சுப்பிரமணியம் யூனியன் வேலையாகப் போய், போலீஸுக்குப் பயந்து காட்டுக்குள் ஓடி ஏழு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி அவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழுது கொட்டிவிட்டாள்.

பட்டாளத்து மோப்ப நாய் காய்ச்சலில் கிடந்தது. "என் நாய் போதும்" என்று துரை சொல்லிவிட்டார். எட்டு மணிக்குப் பெரட்டு. தினமும் பேர் வாசிக்கும் அந்தக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பிரின்ஸுக்கு அந்தத் துணியை மோப்பம் காட்டி, துணிக்காரரைக் கண்டுபிடிக்க விடப்போகிறார்கள்.

அதற்கு முன்னால் நகத்தை வெட்டச் சொன்னதும் துரைதான். நீண்ட நகம் செடி வேரில் மாட்டுகிறதாம்.

கருப்பையாவுக்கு ஒரு விஷயம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. வேலைக்கு வந்த புதிதில் சமையல்காரர் சின்னையா நகம் வெட்ட, இவன் கழுத்தைப் பிடித்தான். ஒரு நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் நாய் சின்னையாவின் கையை நக்கியது. இவன் முழங்கையில் ஒரு துண்டு சதையைப் பிய்த்தது. வெட்டினவனை அது மறந்துவிடும். கழுத்தைப் பிடித்தவனை மறக்காது. அன்று முதல் நாயைக் கொய்யா மரத்தில் கட்டிப்போட்டுத் தனியாகவே வெட்டினான். சின்னையா ஊருக்குக் கப்பலேறி வருஷம் நாலாச்சு.

இன்று கங்காணி தாமாகவே வந்து நின்றார். "கயிறு அறுந்துபோச்சு, செத்த புடிங்க கங்காணி" என்றான் கருப்பையா.

போன மாதம் முற்றின இலை பறித்தாள் என்று ஜெயாவை நிறுவைக் களத்தில் எல்லார் முன்னாலும் அறைந்த கை அது. அந்தக் கை இப்போது நாயின் கழுத்தில் இருந்தது.

"இத எதுக்கு இந்தப் பாடு படுத்துறே?" ராமையா நாயின் காதைத் திருகினார். "இன்னைக்கு இது ஒண்ணத்தையும் கண்டுபுடிக்கப் போறதில்ல. எழுதி வச்சிக்க."

'நக்கலா?' கருப்பையா பல்லைக் கடித்தான்.

ராமையா சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாய்யா. ஒன் மக விஷயமா ஒண்ணு பேசணும்லா."

துணி யாருடையது என்று இந்தக் கங்காணிக்குத் தெரிந்துவிட்டது! இனி விலை பேசுவான். என்ன விலை கேட்பான்?

பேச விடவில்லை. முன்னங்காலின் உள்பக்கம் தரையில் படாமல் தொங்கும் ஒற்றை நகத்தைக் குறட்டின் வாயில் கொடுத்தான். அதை வெட்டினால் நாய் நொண்டாது. கறுப்பு நகத்துக்குள் ரத்தச் சதை எங்கே முடிகிறது என்று அவன் விரலுக்குத் தெரியும். அதையும் தாண்டி வைத்து அழுத்தினான்.

சடக்.

கட்டிய வாய்க்குள்ளிருந்து வந்த அலறல் மலைச் சரிவு முழுக்கக் கேட்டது. ரத்தம் ராமையாவின் வேட்டியில் பீச்சியது.

"சண்டாளா, என்னய்யா பண்ணே!"

"இன்னும் ஒண்ணுதான். இறுக்குங்க!"

மற்றக் கால். சடக். நாய் உடம்பு முழுக்க உதறியது. அதன் கண் மட்டும் அசையாமல் ராமையாவின் முகத்தையே பார்த்தது.

கருப்பையா தயாராக வைத்திருந்த தேயிலைத் தூளைக் காயத்தில் அப்பினான். ரத்தம் நின்றது. கீழே லோரி ஆரன் அடித்தது. பட்டாளம் வந்துவிட்டது.

"அப்பறம் பேசுறேன்" என்று, கருப்பையா சங்கிலியை இழுத்துப் பிடிக்க, ராமையா துண்டை உருவிக்கொண்டு களத்துக்கு ஓடினார். போகிற வழியில் வேட்டியைக் குழாயில் அலசிக்கொண்டார். கங்காணி அழுக்கு வேட்டியோடு பெரட்டில் நிற்கக்கூடாது.

எட்டு மணி. முதுகில் கூடையோடு பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. ஓரத்தில் கங்காணி. வெள்ளைக்கார சார்ஜன் துணி வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து நாயின் மூக்கருகே நீட்டினான். பிரின்ஸ் மூக்கை உள்ளே விட்டது. வாலை ஆட்டியது. தன்னையே ஒரு சுற்றுச் சுற்றியது.

"போ!" என்றார் துரை.

நாய் பெண்கள் வரிசையில் நடந்தது. வேலாயியைத் தாண்டியது. மாரியம்மாவைத் தாண்டியது. ஜெயாவின் முன்னால் நின்றது. அவள் முகத்தில் உயிர் இல்லை.

காற்று திரும்பியது. பிரின்ஸ் தலையைத் தூக்கியது. அடுத்த நொடி சங்கிலி துரையின் கையை அறுத்துக்கொண்டு போனது. ஒரே பாய்ச்சல்! ராமையா மல்லாந்து விழுந்தார். நாயின் பல் அவர் தாடையில் இறங்கி, கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. நாலு பேர் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

"தொரே! நகம் வெட்டறப்ப நாந்தான் கழுத்தப் புடிச்சேன்! அந்தக் கோவம் தொரே!" ரத்தம் கொப்பளிக்கக் கதறினார் ராமையா. "கருப்பையாவ கேளுங்க!"

துரை திரும்பினார். "கருப்பையா. நெசமா?"

களமே அவனைப் பார்த்தது.

"இல்லீங்க தொரே. அஞ்சு வருசமா நான் தனியாத்தான் வெட்டுறேன். பங்களாவுல எல்லாருக்கும் தெரியும்."

ராமையா வாயைத் திறந்தார். கருப்பையாவைப் பார்த்தார். பிறகு ஜெயாவைப் பார்த்தார். கிழிந்த கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

துப்பாக்கிக் கட்டையால் முதுகில் அடித்து லோரியில் ஏற்றினார்கள். அவர் மனைவி ருக்குமணி லோரியின் பின்னாலேயே ஓடி வளைவில் விழுந்தாள். யாரும் போய்த் தூக்கவில்லை. தூக்கினால் அவர்களையும் ஏற்றுவார்கள்.

அன்று மாலை கருப்பையா லயத்து வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். ஜெயா அடுப்பு முன்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தப்பிச்சே. இனிமே அரிசி கிரிசின்னு போனே, நானே வெட்டிருவேன்" என்றான். அதோடு விட முடியவில்லை. காலையிலிருந்து அரித்த கேள்வி வெளியே வந்தது. "அந்த ஆளு ஒன் பேரச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல?"

ஜெயா விறகுக்கு அடியில் கைவிட்டாள். சேறு காய்ந்த ஒரு நீலத் துணியை இழுத்துப் போட்டாள். ஓரத்தில் அவளே தைத்த சிவப்பு நூல்.

கருப்பையா பின்னால் நகர்ந்தான். "இது... டின்னுல இருந்ததுல்ல?"

"விடிய முன்ன குழாயடியில கங்காணி குடுத்தாரு. கன்னத்துல ரெண்டு அறையும் விட்டாரு. நேத்து மூட்டையப் பங்களாவுல கொண்டாந்து வச்சப்பவே, மழ இருட்டுல மாத்திட்டாராம்."

"அறிவு கெட்டவளே! எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அதுக்கு முந்தியே பங்களாவுக்குப் போயிட்டியே. ஒங்கப்பன் பயந்து செத்துருவான், நானே போயி சொல்லிடறேன்னாருப்பா."

"அப்ப டின்னுல இருந்த துணி?"

"நாய்க் கூண்டுல, பிரின்ஸ் படுக்குற துணியில கிழிச்சதாம்."