கொடிநிழலைச் சுருட்டிய நாள்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டையின் கொடிநிழல் ஒரு தை மாதம் ஏரித் தண்ணீரில் விழுந்து, பொழுது சாய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அங்கேயே கிடந்தது. கோட்டைக்குப் புதிதாக வந்த கப்பித்தான், வாயைத் திறந்தால் தன் தேசம், தன் தேசத்துக் கொடி என்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவன். நிழல் விழுந்த தண்ணீரெல்லாம் தன் தேசத்துக்குச் சொந்தம் என்று தமுக்கடிக்கச் சொன்னான். முகத்துவாரத்தை ஒட்டி, இறால் நன்றாகப் படும் இடம் அது. கடல் தாண்டி வந்து பத்து மாதம் ஆகாதவனுக்கு என்ன திமிர் பாருங்கள்.

ஏரிக்கரை மீனவக் குப்பத்தின் தலைவர், நாட்டார் கோதண்டம், பொறுத்துப் போவதுதான் நல்லது என்றார். தெற்கே ஒரு குப்பம் முறைத்துக்கொண்டு, பீரங்கிக்கு இருபது குடிசைகளைப் பறிகொடுத்திருந்தது. அவர் பயந்ததில் தப்புச் சொல்ல முடியாது. அமாவாசைக்கு அமாவாசை ஒரு கூடை மடவை மீனோடு போய், குனிந்து நின்று முறையிடுவார். பார்க்கலாம் என்பான் கப்பித்தான். அவர் திரும்பி வருவதற்குள் நிழல் ஒரு துடுப்பு நீளம் கூடியிருக்கும். ஐந்து வருடம் இப்படியே போயிற்று. அத்தனை மடவையைத் தின்றவன் ஒரு தடவைகூட ருசியாக இருந்தது என்று சொன்னதில்லை.

ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு முடிந்தவன் விலகிவிட வேண்டும். தொடர்ந்து மூன்று பாடு தவறவிட்ட குடும்பத்துக்கு அப்புறம் ஏரியில் உரிமை கிடையாது. ஆறாம் வருடம் கோதண்டம் கப்பித்தான் பெயருக்கும் ஓர் ஓலைச்சீட்டைப் போட்டார். பாடு வாங்கியவன் எவனும் மறுநாள் விலகாமல் இருந்ததில்லை, இவனும் விலகிவிடுவான் என்று குப்பமே நம்பியது. வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான். கப்பித்தான் தன் நாளில் கழி ஊன்றி வலை கட்டச் செய்தான், ஏரி தன் தேசத்தினுடையது என்று குப்பமே ஒப்புக்கொண்டுவிட்டதாகக் காகிதம் படித்தான், கழியைப் பிடுங்கவில்லை.

மறுநாள் அதே இடத்தில் பாடு சடையன் என்ற மீனவனுடையது. கோதண்டம் கேட்டுக்கொண்டதற்காக அவன் ஏற்கெனவே நிழல் விழுந்த இடத்தில் வந்த இரண்டு பாடுகளை விட்டுக்கொடுத்திருந்தான். இதுவும் போனால் அவன் பிள்ளைகள் ஏரியில் கால் வைக்க முடியாது. இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்று சொல்ல வந்த கோதண்டத்தைச் சடையன் மனைவி குப்பம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

“நீங்க குனியற ஒவ்வொரு தபாவும் அந்த நெழலு நீளுது, நாட்டாரே. ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியலையா?”



“தெரியும். சுட்டுடுவானுங்களோன்னு பயந்தேம்மா,” என்றார் கோதண்டம். பிறகு சடையனின் படகில் அவரே முதலில் ஏறினார்.

பாடு முடிந்தவன் கழியைப் பிடுங்காவிட்டால் அடுத்தவன் பிடுங்கி அவன் வாசலில் கொண்டுபோய்ப் போடலாம் என்பதும் பாடு முறையின் விதி. சடையன் பிடுங்கினான். கழியோடு வலை வந்தது, வலையோடு நிழலும் வந்தது, நனைந்த பாய்த்துணியின் கனத்தில். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போனார்கள். மதில்மேல் துப்பாக்கிகள் நீண்டன. கோதண்டம் சுருளை வாசலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தார். அவருடைய உயரத்தை, வாசலுக்கு வந்த கப்பித்தான் அன்றுதான் பார்த்தான். தன்னைவிட ஒரு முழம் அதிகம்.

“உங்க பாடு முடிஞ்சிபோச்சு. இன்னைக்கு சடையன் பாடு,” என்றார் கோதண்டம்.

நல்ல வெயிலில் கொடி படபடத்துக்கொண்டிருந்தது, தரையில் அதற்கு நிழலில்லை. எந்தத் தேசத்துக்காகச் சுடுவது என்று தெரியாமல் சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கியை இறக்கினார்கள். கப்பித்தான் சுருளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சடையனுக்கு அன்று அரைக்கூடை இறால் கிடைத்தது. ஒல்லாந்தர் ஊரைவிட்டுப் போகும்வரை அந்தக் கொடி நிழலில்லாமல்தான் பறந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோதண்டத்தின் முதுகு மட்டும் அதன்பின் வளையவே இல்லை. அவர் வந்தால் தலை இடிக்கக் கூடாது என்று குப்பத்தில் எல்லோரும் குடிசை வாசலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள். முதலில் உயர்த்தியவள் குப்பம்மா.