செருப்புக் கயிறு

கோலா மூடாவில் காற்று கிளம்பிவிட்டால் என் கடையில் மேஜை விரிப்பு நிற்காது. மீ கோரெங் நூடுல்ஸில் மணல் விழும், தே தாரிக் டீ வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். சாப்பாட்டுக் கடை போட இதைவிடக் கெட்ட இடம் பினாங்கு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்தப் பாழாய்ப்போன காற்றுக்காகவே ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு கூட்டம் ஞாயிறு தவறாமல் ஃபெரி ஏறி, அக்கரையில் வேன் பிடித்து வந்து இறங்கும். பாலம் கட்டி முடியாத காலம் அது. ஆளுக்கொரு நீளப் பலகை, அதன் நடுவில் ஒரு பாய்மரம். நின்றுகொண்டே பாயைப் பிடித்துத் தண்ணீரில் பறப்பதற்கு விண்ட்சர்ஃபிங் என்று பெயராம். காற்றைத் தின்றே வளர்ந்த பிள்ளைகளா நீங்கள் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டு இன்னொரு தட்டு மீ கேட்பார்கள்.

மூடா ஆறு கடலில் சேரும் இடம் அது. தை மாதத்தில் வாடைக்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து ஒரே சீராக வீசும். ஆற்றுக்குள் அலை இருக்காது. பலகை சர்ரென்று போகும். ஆனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆறும் கடலுக்குத்தான் ஓடும், காற்றும் கடலுக்குத்தான் தள்ளும். போவது சுலபம், திரும்பி வருவதற்குப் பாயை இப்படியும் அப்படியும் மாற்றிப் பிடித்துப் போராட வேண்டும். பாய்மரம் முறிந்துவிட்டால் அதுவும் முடியாது. என் கடையிலிருந்து பார்த்தால் கண்டல் காடு வளைந்து முகத்துவாரத்தை மறைத்துவிடும். யார் வெளியே தவிக்கிறான் என்று தெரியாது.

அதற்காகத்தான் செருப்புக் கயிறு கட்டினேன். தண்ணீரில் இறங்குகிறவன் தன் செருப்பை அதில் கோத்துத் தொங்கவிட வேண்டும், திரும்பி வந்தவன் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையை வைத்து ஆள் கணக்குப் பார்க்க முடியாது, ஏனென்றால் பாதிப் பேர் கீழே மீன்பிடித் துறையில் கரையேறி, பலகையை லாரியில் ஏற்றிவிட்டு, செருப்புக்கு மட்டும் நடந்து வருவார்கள். மாலையில் கடை சாத்துமுன் கயிற்றைப் பார்ப்பேன். செருப்பு தொங்கினால் உடனே என் மச்சான் யூசுப்பைப் படகோடு அனுப்புவேன். அப்படி இரண்டு தடவை ஆட்களை உயிரோடு கொண்டுவந்திருக்கிறோம்.

கயிற்றின் ஒரு முனை கடைக் கம்பத்தில், மறுமுனை கரையில் இருந்த ஒற்றைச் சவுக்கு மரத்தில். அந்த மரத்தடியில் யாரோ மஞ்சள் துணி சுற்றி ஒரு சூலம் நட்டு வைத்திருந்தார்கள். செருப்புகள் அதற்கு நேர் மேலே ஆடும். வேறு மரம் இல்லை. வருகிற இந்துப் பையன்களும் ஒன்றும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவன் சற்குணம். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வங்கியில் வேலை, அங்கேயே பக்கத்தில் வாடகை அறை. பட்டர்வொர்த் விமானத் தளத்து ஆஸ்திரேலியக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது விற்ற பலகையை வாங்கி, அதைக் கட்டிய மனைவியைப் போலத் துடைத்துத் துடைத்து வைப்பான். அப்பா கதிர்காமநாதன் கெப்பாலா பத்தாஸில் அரசாங்க அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா. படித்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை குரங்கு மாதிரிக் கம்பைப் பிடித்துத் தொங்குவதா என்று அவருக்குக் கோபம். அம்மா யோகம்மாவுக்கு, தன் பிள்ளை எப்படித்தான் தண்ணீர் மேல் நிற்கிறான் என்று ஒரு தடவை பார்க்க ஆசையாம். அவன்தான் சொன்னான்.

ஒரு ஞாயிறு அந்த அம்மா வந்தார். சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பும் வழி. கதிர்காமநாதன் காரை விட்டே இறங்கவில்லை, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நான் அந்த நேரம் அசர் தொழுகைக்கு, பக்கத்துச் சின்னப் பள்ளிவாசலான சுராவுக்குப் போயிருந்தேன். யோகம்மா கரையில் நின்று பார்த்திருக்கிறார், மகன் கண்ணில் படவில்லை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்கள். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மாலையில் கயிற்றைப் பார்த்தேன், காலியாக இருந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ் என்று கடையைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை சற்குணம் வேலைக்கு வரவில்லை. அறையிலும் இல்லை. முந்தின நாள் அப்பாவின் கார் வந்ததைப் பார்த்த பையன்கள், அவன் அதில் ஏறிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்களாம். மதியத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது, யூசுப்பும் மற்றப் படகுக்காரர்களும் கடலுக்குப் போய்விட்டார்கள். கதிர்காமநாதனும் போலீஸ் படகில் ஏறிப் போனார். யோகம்மாவை என் கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சூடாக மைலோ கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கயிறு காலியாக இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேனே, கரைக்கு வந்தவன் எங்கே போயிருப்பான் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மா மைலோவைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"தம்பி, அவன் சிலிப்பர் எங்க கார் பூட்ல இருக்கு. நேத்து வந்தப்ப பாத்தேன், சூலத்துக்கு மேல தொங்குது. சாமி தலைக்கு மேல யாராச்சும் செருப்ப மாட்டுவாங்களா? வெளயாட்டுப் புள்ளலா, அவனுக்கு என்ன தெரியும். அவன் வந்ததும் குடுக்கலாம்னு நான்தான் எடுத்து வச்சேன், ஐயா அவசரப்படுத்துனதுல மறந்துட்டேன். கரைக்கு வந்தா மணல் சுடும், காலுக்கு ஒண்ணுமில்லாம என்ன செய்வான்?"

கயிறு ஏன் காலியாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மற்றவர்களின் செருப்பு அவருக்கு யாருடையது என்று தெரியாது, தொடவில்லை. தன் பிள்ளையுடையதை அடையாளம் தெரிந்து எடுத்திருக்கிறார். பெற்றவள் செய்கிற காரியம்தான். சாமி குற்றம் பிள்ளைமேல் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

செருப்பை என்னிடம் கொடுங்கள், அவன் வந்ததும் நானே கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கி, அடுப்புக்குக் கீழே விறகோடு விறகாகத் தள்ளினேன். பிறகு ஒரு கத்தியை எடுத்துப் போய்க் கயிற்றை இரண்டு முனையிலும் அறுத்தேன். அந்தக் கயிறு எதற்கு என்று அந்த அம்மா யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் அப்போது தோன்றியது.

மூன்றாம் நாள் தீவுக் கரையில், தெலுக் பஹாங் பக்கத்து மீனவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். பாய்மரம் அடியோடு கழன்றிருந்தது. பெல்ட்டால் தன்னைப் பலகையோடு கட்டிக்கொண்டு படுத்திருந்தானாம். ஞாயிறு இரவு முழுக்க உயிரோடுதான் இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. யூசுப்பின் படகு மாலையிலேயே போயிருந்தால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் கிடந்திருப்பான்.

கதிர்காமநாதன் நேராக என் கடைக்கு வந்தார். ஆட்கள் திரும்பிவிட்டார்களா என்று பார்ப்பது உன் பொறுப்புதானே என்று கேட்டார். மற்றப் பையன்களும் சுற்றி நின்றார்கள்.

"ஆமா சார், நான்தான் பாக்கணும். அன்னிக்குப் பாக்காமயே கடையைச் சாத்திட்டேன்," என்றேன்.

அறைந்தார். அறையட்டும் என்று நின்றேன். போலீஸிடமும் அதையேதான் சொன்னேன். பையன்களில் ஒருவனுக்கும் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர்கள் வேறு துறைக்கு மாறிப் போனார்கள். பள்ளிவாசலில்கூட ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வராமல் இல்லை. சந்தையில் ஒருவன் காதுபட ஏதோ சொன்னபோது உண்மையைக் கத்திவிடலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி ஹமீதாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் என்னோடு சண்டை போட்டாள். நாளைக்கு நம் பிள்ளைகளைப் பார்த்து ஆளைக் கொன்றவன் பிள்ளை என்று சொல்வார்களே, உனக்கென்ன தலையெழுத்து என்று அழுதாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

"ஹமீதா, நம்ம மகன் செத்து, அதுக்கு நீதான் காரணம்னு ஒருத்தன் வந்து உங்கிட்ட சொன்னா, நீ உயிரோட இருப்பியா?" என்றேன்.

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. என்றைக்காவது ஒரு பையன் அந்த வீட்டுக்குப் போய், நாங்களெல்லாம் செருப்பைத் தொங்கவிடுவோம் ஆன்ட்டி என்று வாய் தவறிச் சொல்லிவிடுவானோ என்ற பயம். வாசலில் கார் நின்றாலே யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன்.

மறு வருஷம் அதே வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. யோகம்மா தனியாக இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். தெரிந்துவிட்டது, அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வறுத்துக்கொண்டிருந்த மீயை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன். அவர் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் எதிரில் உட்காரச் சொன்னார்.

"நேத்து அவனுக்கு வருஷத் திவசம் முடிஞ்சுது தம்பி. இந்த ஒரு வருஷம் உங்களைச் சபிக்காத நாளே இல்ல. உங்க குடும்பம் வெளங்காதுன்னுகூட சொல்லியிருக்கேன். ஐயா இன்னும் கோவமாத்தான் இருக்காரு, நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. மனசுல இவ்வளவு கோவத்த வச்சிக்கிட்டு சோறு படைச்சா எம்புள்ளைக்குப் போய்ச் சேருமா? அதான் வந்தேன். மறதி யாருக்கும் வர்றதுதான். நான் உங்கள மன்னிச்சிட்டேன்."

ஒரு வருஷம் ஏச்சும் பேச்சும் வாங்கினேன், அறை வாங்கினேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இதை என்னால் தாங்க முடியவில்லை. கடைக்குள் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு தேம்பினேன். அந்த அம்மாவுக்காக அழுதேன். அவரோ, நான் செய்த தப்பை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார். எழுந்து வந்து, தன் மகனுக்குச் செய்வதுபோல என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"அழாதீங்க தம்பி. போனது போச்சு. மத்த புள்ளைங்களையாச்சும் இனிமே ஒழுங்காப் பாத்துக்கங்க."

"பாத்துக்கிறேன்மா," என்றேன்.