விரலில் நின்ற கோடாலி

கோடாலித் தலையிலிருந்து நாலு விரல் தள்ளி, பிடிக்கு அடியில் என் ஆள்காட்டி விரலைக் கொடுத்தேன். கோடாலி இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு அசையாமல் நின்றது. புதுப் பிடி போட்டது நான்தான். பதினெட்டு வருடப் பட்டறையில் ஒரு கோடாலிக்கும் எடை இப்படி அமைந்ததில்லை.

"சும்மா சொல்லக்கூடாது மச்சான், கைன்னா இது கை!" என்றான் தங்கையின் புருஷன். மாதம் ஒரு முறை கூட்டாளிகளோடு காட்டில் கூடாரம் போடுகிறவன். வெளியே கேட்டால் தங்கக் கம்பி என்பார்கள். போன வாரம் தங்கையின் கழுத்தில் தடம் பார்த்தேன்.

"கதவுல இடிச்சுக்கிட்டேண்ணே."

எந்தக் கதவுக்கு ஐந்து விரல்?

அதனால்தான் செய்தேன். தலைக்குள் பிடியை இறுக்கும் ஆப்பைப் பாதியாக நறுக்கி, மேலே மரத்தூளும் பசையும் பூசி மூடினேன். விரலில் அழகாக நிற்கும். ஓங்கி ஓங்கி வெட்டினால் முப்பது வெட்டு தாங்காது, தலை கழன்று பறக்கும். அவன் கூடாரத்திலேயே கிடந்து சாகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவன் கோடாலியை எடுத்துக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் மேசையைத் துடைத்தேன். கழற்றிப் போட்ட பழைய பிடி கையில் தட்டுப்பட்டது. ஆம்பளை பிடித்து வெட்டினால் பிடியின் அடிமுனை தேய்ந்து பளபளக்கும். இதில் அடிமுனை கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது. தலைக்குக் கிட்டேதான் தேய்ந்திருந்தது. தெம்பில்லாதவர்கள்தான் அங்கே பிடிப்பார்கள். அந்தத் தேய்மானமும் சின்னது, என் நாலு விரல் அதில் அடங்கவில்லை. பிடியைக் கழற்றும்போதே பார்த்திருக்க வேண்டியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, அந்தக் கோடாலிய யாரும் தொடாதீங்க. நானே வந்து எடுத்துக்கிறேன்."

"ஏன் மச்சான்? சூப்பரா இருக்குங்கறா உங்க தங்கச்சி. முகாமுக்கு விறகு எப்பவும் அவதானே பொளந்து குடுப்பா? வந்ததுலேர்ந்து விடாம வெட்டிக்கிட்டிருக்கா."

"நிறுத்தச் சொல்லு!"

"இன்னும் நாலு கட்டைதான்."

அவன் பேச்சுக்குப் பின்னால் வெட்டு விழுந்தது. இன்னொன்று. மூன்றாவதில் இரும்போடு மரம் லொடலொடத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு வெட்டுத்தான் தாங்கும்.

"அண்ணனா பேசுது?" என்று தூரத்தில் தங்கை கேட்டாள். "இதோ, இதை மட்டும் பொளந்துட்டு வர்றேன்."